நாலு பிடி

"ஏய், காலை எடு! மிதிக்காத!"

அவனியாபுரம் டயர் கடையே திரும்பிப் பார்த்தது. கத்தியவர் நல்லகாமன். ஒரு மில்லில் சேஃப்டி ஆபீசர். ஞாயிற்றுக்கிழமையும் அந்த உத்தியோகத்தைக் கழற்றி வைக்கத் தெரியாத மனுஷன்.

டயர் கழற்றும் மெஷினில் அவருடைய கார்ச் சக்கரம் படுத்துக் கிடந்தது. கடைக்காரன் சோணை திடுக்கிட்டுப் பெடலிலிருந்து காலை எடுத்தான்.

"என்னண்ணே?"

"சக்கரத்தைக் கவ்வ மெஷின்ல எத்தனை பிடி இருக்கு?"

"நாலுண்ணே."

"எத்தனை கவ்வியிருக்கு?"

சோணை குனிந்து பார்த்தான். மூன்று பிடிகள் ரிம்மைக் கவ்வியிருந்தன. நாலாவது சும்மா ஒட்டிக்கொண்டு நின்றது.

"இந்தா, ஒரு நிமிச வேலைதானண்ணே. இம்புட்டு வருசத்துல ஒண்ணும் ஆனதில்ல."

"மூஞ்சி பேந்து போறதுக்கு ஒரு நிமிசம் போதும்டா! சுத்துற வேகத்துல சக்கரம் எகிறுச்சுன்னா உன் வீட்டுக்கு யாரு பதில் சொல்றது? நானா?"

சோணைக்கு முகம் செத்துவிட்டது. சக்கரத்தைச் சரியாக வைத்து, நாலு பிடியும் கவ்வியபின் ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"இன்னொருக்க ஆட்டு."

ஆட்டினான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர் சொன்னதில் தப்பே இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோக்காரர்கூட, "சார் பார்க்கலேன்னா இன்னைக்குச் சோணை கதை கந்தல்தான்" என்றார்.

அது போதாதா? நல்லகாமன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம ஆளுகளுக்கு உயிரோட அருமையே தெரியாது. அலட்சியம்! ரத்தத்துலயே ஊறிப்போச்சு."

புது டயர் ஏறி, காற்றடித்து, சக்கரத்தைக் காரில் பூட்டும்வரை அவர் வாய் ஓயவில்லை.

"இனிமே நாலையும் பார்க்காம மிதிக்க மாட்டேண்ணே" என்று சோணை கும்பிட்டே விட்டான்.

"பொழைச்சுப் போ" என்று நல்லகாமன் காரில் ஏறினார். அதுவரை வேப்பமர நிழலில் நின்றிருந்த மனைவி திவ்யா, கைக்குழந்தையோடு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

ஸ்டார்ட் செய்ததும் கார் டிங் டிங் என்று அலறியது.

"பெல்ட்டுக்குத்தான் கத்துது" என்றாள் திவ்யா. "பாப்பாவுக்குத் தனிச் சீட்டு வாங்குங்கன்னு எம்புட்டு நாளாச் சொல்றேன். நாலு வழிச்சாலையில போகணும், பயமா இருக்குங்க."

"இந்தா இருக்கு கொட்டாம்பட்டி. இதுக்கு எதுக்குடி பெல்ட்டு, சீட்டெல்லாம்? இம்புட்டு வருசத்துல ஒண்ணும் ஆனதில்ல."

டேஷ்போர்டைத் திறந்து, வார் இல்லாத மொட்டைக் கொக்கிகள் இரண்டை எடுத்தார். காரை ஏமாற்றவென்றே கேட்டு வாங்கியவை. சீட்டுக்கு ஒன்றாக பெல்ட் பூட்டில் சொருகினார்.

கார் வாயை மூடிக்கொண்டது.

பாப்பாவுக்கு இருந்த பிடியெல்லாம் திவ்யாவின் இரண்டு கைகள்தான். நல்லகாமன் ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தார்.