கீறாத மாவு

அடுப்படியில் மூன்று பேர்: ஓர்லா, அவள் புருஷன் ஃபின்டன், பக்கத்து வீட்டு ப்ரோனா.

சூப்போடு தின்பதற்காக ஓர்லா மோரும் சோடா உப்பும் சீஸும் போட்டுப் பிசைந்த ரொட்டி மாவைத் தட்டினாள்.

"இன்னிக்கும் கடை ரொட்டி கிடையாதா?" என்றான் ஃபின்டன்.

"வாயை மூடு. வாசம் வந்ததும் நீதான் முதல்ல வருவ."

ப்ரோனா ஓர்லாவை முறைத்தாள். "மாவு மேல சிலுவை கீறுடி. கீறினாத்தான் வீட்டுல தங்கின ஆவி வெளியே போகும். உன் புருஷனைப் புதைச்சதுலேருந்து நீ கீறவே இல்ல."

"கீறினா போயிடுவானே."

"கீறிடு, ஓர்லா," என்றான் ஃபின்டன். "தினமும் மோந்து பார்க்க மட்டும்தான் முடியுது. பசிக்குது."

ஓர்லா ஆழமாகக் கீறி, தட்டை ஓவனுக்குள் தள்ளினாள். வாசல் கதவைத் திறந்தாள். அவன் மழையில் இறங்கினான். அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.