நடு ஹால்

“இதுக்குப் பேரு சோஃபாவா, தம்பி? சேத்துல படுத்துக் கிடக்கிற எருமை மாதிரி இருக்கு!”

லோகேஸ்வரி சொன்னது அடுத்த ஸ்டால் வரைக்கும் கேட்டது. சாம்பல் நிற எல் வடிவ சோஃபாவைத் தடவிக் காட்டிக்கொண்டிருந்த விற்பனையாளன் பாலன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். மகன் முகுந்தன், மானம் போகிறதே என்று கூரையைப் பார்த்தான்.

கோலாலம்பூரில் நடக்கும் பர்னிச்சர் கண்காட்சி. முதல் நாட்கள் வியாபாரிகளுக்கு, கடைசி நாள் பொதுமக்களுக்கு. கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். ஒரு முக்காலி வாங்கும் உத்தேசம்கூட இல்லாததுகள் எல்லாம் மெத்தை மெத்தையாக உருண்டு, செல்ஃபி எடுத்து, இலவசப் பையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டின.

லோகேஸ்வரி அந்த ரகமில்லை. வீட்டு அலங்காரம் என்றால் அவளுக்கு உயிர். இந்த வயதிலும் போனைத் திறந்தால் டிசைன் வீடியோதான். சொந்தத்தில் யாரும் அவளைக் கேட்காமல் திரைச்சீலை மாற்ற முடியாது. கேட்டு மாற்றினாலும் திட்டு நிச்சயம்.

வெள்ளிக்கிழமை கிள்ளானில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள். ஹாலுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் வாங்கவில்லை. இன்றைக்கு முடிவு பண்ணியே ஆக வேண்டும். இந்த சோஃபாவையும், நடுவில் போட அந்த மார்பிள் டீப்பாயையும் பார்த்ததுமே முகுந்தனுக்குப் பிடித்துப்போய்விட்டது.

“இதைத் தூக்க எத்தனை பேரு வேணும்?” என்றாள் லோகேஸ்வரி.

“நீங்க ஏன் ஆன்டி தூக்கணும்? எங்க லோரியில ஆளுங்க வருவாங்க. ஒரு தடவ வச்சிட்டா அப்புறம் அசையவே அசையாது லா.”

“அசையாதது ஒரு பெருமையா? செந்தூல்ல நாங்க இருந்த மாடி ஃப்ளாட்டுல எல்லாமே பில்ட்-இன். நானே டிசைன் பண்ணுனது. வந்தவங்க எல்லாம் வாயைப் பொளந்தாங்க. கடைசியில அவசரம்னு ஒரு நாள் வந்தப்ப ஒண்ணையும் நகத்த முடியல. தூ! அன்னிக்கோட அந்தப் பைத்தியம் தெளிஞ்சிருச்சு.”

முகுந்தன் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

லோகேஸ்வரி கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் கம்பளத்தில் ஓடவிட்டாள். “ஏழடிக்கு மூணடி. நடு ஹால்ல இவ்வளவு இடம் காலியா இருக்கணும். தெற்குச் சுவர்ப் பக்கமும் ஒண்ணும் வரக் கூடாது.”

“வாஸ்துவா, ஆன்டி?”

“அப்படியே வச்சுக்கயேன். டிசைன்ல இதுக்கு நெகட்டிவ் ஸ்பேஸ்னு பேரு. இதுகூடத் தெரியாம கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கிறியே!”

பாலன் அசடு வழிந்தான். ஆனாலும் விடவில்லை. “வீட்டுக்கு நெறைய பேரு வருவாங்களா, ஆன்டி?”

“எங்க சொந்தம் பெருசு. காஜாங், போர்ட் கிள்ளான்னு எல்லாப் பக்கமிருந்தும் வந்துருவாங்க. உள்ள வந்து ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, வெளிய கெனோப்பிப் பந்தல் போட்டிருக்கிற எடத்துல போய் உட்கார்ந்துக்குவாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டே பேரு இந்த ஹால்ல உள்ளதை எல்லாம் வெளிய தூக்கி வச்சிடணும்.”

“அடடே, தீபாவளி ஓப்பன் ஹவுஸா! பெருசா செய்வீங்க போல!”

“பெருசாத்தான் செய்யணும்” என்றபடி அவள் அடுத்த ஸ்டாலுக்கு நடந்தாள்.

அங்கே கண்ணாடி மேசை. “கை வச்சா ரேகை விழும். நாள் பூரா தொடச்சிட்டு உட்கார வேண்டியதுதான்.” அதற்கடுத்தது பிளாஸ்டிக் செடி, இலையில் பனித்துளி வேறு, அதுவும் பிளாஸ்டிக். “இதையும் காசு குடுத்து ஒருத்தன் வாங்குவான் பாரு!” நான்கு வரிசை தாண்டியும் அவள் வாயில் நல்ல பெயர் வாங்கிய சாமான் ஒன்றுகூட இல்லை.

கடைசியில் ஒரு மூலையில் நின்றாள். ரோத்தான் பிரம்பு நாற்காலிகள். ஒன்றை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். அது லேசாக மேலே வந்தது. “இது போதும். இதுல ஆறு எடு.”

முகுந்தனுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஐயோ, என்னம்மா இது! இத்தனை வருஷம் நாயா உழைச்சு வீடு வாங்கியிருக்கேன். வர்றவங்க சிரிக்க மாட்டாங்களா? பிரம்பு நாற்காலியைச் சுவரோரமாப் போட்டுட்டு நடுவுல மொட்டையா விட்டா, அது வீடா, கிளினிக்கா?”

“சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நடுவுல ஒண்ணும் வரக் கூடாது.”

“அந்த மார்பிள் டீப்பாய் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. என் வீட்டுல எனக்குப் பிடிச்ச ஒண்ணை வைக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?”

“சுவரோரமா எதை வேணாலும் வச்சுக்கோ. நடு ஹால எனக்கு விட்டுடு.”

பக்கத்து ஸ்டால்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகுந்தன் கவலைப்படவில்லை. “ஏழடி, மூணடின்னு காலையிலேர்ந்து உயிரை எடுக்கிறீங்க. அங்க அப்படி என்னத்தத்தான் வைக்கப் போறீங்க?”

லோகேஸ்வரி அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். காலையிலிருந்து அவள் குரலில் இருந்த நக்கல் இப்போது இல்லை.

“என்னையத்தான்டா. உங்கப்பாவப் பெட்டியோட வச்ச மாதிரி கீழ கார் பார்க்குல வச்சிராத.”