முதல் மொட்டை

மகள் மதுவந்திக்கு ஐந்து வயதாகியும் முதல் மொட்டை போடவில்லை. பின்னல் இடுப்பைத் தொடுகிறது. முடியைக் குலதெய்வத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். அது எந்த ஊர்ச் சாமி? கடல்தாண்டிப் போன என் பூட்டனாருக்குக் கப்பல் பதிவில் ஓர் ஊர், கல்யாணப் பதிவில் வேறோர் ஊர், கல்லறையில் இன்னோர் ஊர். அவற்றில் இரண்டு ஊர்க் கோயில்களில் "ஒங்க ஆளுக இங்க யாருமில்லையே" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதில் நாவிதர் அவள் தலையை நனைத்துக் கத்தியும் எடுத்துவிட்டார். அப்போதுதான் பூசாரி என்னிடம் கேட்டார்: "நீங்க எந்த வகையறா?" கத்தி நின்றது. பூட்டனாரும் கப்பல் ஏறும்முன் இப்படித்தான் ஊர் கேட்டுப் பதிவெழுதும் ஒருவர் முன்னால் நின்றிருப்பாரோ? பின்னாலிருந்து வரிசை நெருக்கியிருக்கும். மதுவந்தி அண்ணாந்து பார்த்தாள். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்கப்பா. கண்ணெல்லாம் தண்ணி."