பட்டாம்பூச்சிக்கு ரிமோட் எங்க?

லியோன்ல மருத்துவச்சி ஒதீலோட ரூம். மூணு மாசக் குழந்தையோட பாஸ்தியான் உள்ள வந்தா, பொண்டாட்டி சோலேன் போர்வையப் போர்த்திப் படுத்துக்கிட்டு டிவியில பட்டாம்பூச்சி பறக்கவிட்டுட்டு இருக்கா!

"சிகிச்சைன்னுட்டு வீடியோ கேமா?"

"பேசாதடா! இதுல ஜெயிச்சாதான் தங்கச்சி கல்யாணத்துல ஆட முடியும்."

"தூக்கு, தூக்கு!"ன்னு ஒதீல் கத்தறாங்க. பட்டாம்பூச்சி பொத்துன்னு விழுந்துச்சு.

"நகரு, நான் ஆடிக் காட்டறேன். ரிமோட் எங்க?"

ரெண்டு பேரும் அவனையே பார்த்தாங்க.

"ஒயரு போர்வைக்குள்ள போகுது பாருங்க, அதோட நுனியில இருக்கற கருவிய உள்ள சொருகியிருக்கு. பிரசவத்துல தளர்ந்த இடுப்புக்கு அடியில இருக்கற தசைய இறுக்கினாதான் பட்டாம்பூச்சி பறக்கும், ஒண்ணுக்கும் ஒழுகாது. உங்களுக்கு எங்கங்க சொருகறது?"ன்னாங்க ஒதீல்.

சோலேன் விழுந்து விழுந்து சிரிச்சா. சட்டுன்னு நிறுத்திட்டு, போர்வையத் தூக்கிப் பார்த்தா.

"ஒதீல்! இவ்ளோ சிரிச்சும் ஒரு சொட்டுகூட வரல! டேய், ஆடறதுக்கு ஷூ வாங்கணும், கிளம்பு!"