ரெடியூஸ் என்றால் கூட்டுவது

“கூப்பன் அரிசியைக் கூட்டித் தரப்போறாராம் துரை!”

சரிபுதீன் உரத்துச் சொன்னதும் விடத்தல்தீவுச் சனம் ஆரவாரித்துக் கை தட்டியது.

இரண்டாம் உலக யுத்த காலம். கப்பல் வராமல் அரிசி தட்டுப்பாடாகி, கூப்பனுக்கு அளந்து கொடுத்த அரிசியில் ஊர் அரை வயிற்றுக் கஞ்சியோடு கிடந்தது. மன்னாருக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. வழக்கமான மொழிபெயர்ப்பாளர் காய்ச்சலில் படுத்துவிட, “இங்கிலீசு எனக்குத் தண்ணிபட்ட பாடு” என்று முன்னுக்கு வந்தவர்தான், துரையின் அலுவலகமான கச்சேரியில் பியோன் வேலை பார்த்த சரிபுதீன்.

துரை, செத்த வீட்டுக்கு வந்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம்தான் பேசினார். அதில் சரிபுதீனுக்குப் பிடிபட்டது ‘ரைஸ்’, ‘ரெடியூஸ்’. மிச்சத்தை அவரே பார்த்துக்கொண்டார்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிரான்சிஸ்கா ரீச்சர் மட்டும் கை தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சரிபுதீனை ஒரு பார்வை பார்த்தார். இங்கிலீசில் யார் பிழை விட்டாலும் அவர் விடமாட்டார். கோயில் சுவாமியாரையே திருத்தியவர்.

அதற்குள் இளந்தாரிகள் சரிபுதீனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். யாரோ துரைக்கு மாலை போட்டார்கள். துரை திகைத்துப்போய் ஏதோ கேட்டார். பதில் சொல்லச் சரிபுதீன் தரையில் இல்லை.

ரீச்சர் விறுவிறுவென்று துரையிடம் போனார். சனத்தைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னார். துரையின் முகம் சிவந்தது. தொப்பியைக் கழற்றினார். மாலையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி காரில் ஏறினார்.

“ரீச்சர் என்னவோ போட்டுக் குடுத்திட்டா,” என்றார் மீன்பிடிச் சம்மாட்டி அந்தோனிமுத்து. “ஊருக்கு ஒரு நல்லது நடந்தா இந்த மனுசிக்குப் பொறுக்காது!”

கச்சேரிக்குத் திரும்பியதும் சரிபுதீன் கிளாக்கர் பரமநாதனின் காதருகே குனிந்தார்.

“ஐயா, ரெடியூஸ் எண்டா கூட்டிறதுதானே?”

“ஆர் சொன்னது? குறைக்கிறது.”

“அப்ப கூட்டிறது?”

“ரெயிஸ். இல்லாட்டி இன்கிறீஸ்.”

“ரெயிஸும் ரெடியூஸும் ‘ரெ’ எண்டுதானே ஐயா தொடங்குது!”

சரிபுதீனுக்கு அழுகை வந்துவிட்டது. விசயம் விளங்கியதும் பரமநாதன் விழுந்து விழுந்து சிரித்தார்.

“இன்கிறீசுக்கு எதிர் டிக்கிறீஸ். ரெயிசுக்கு எதிர் லோவர். நல்லாப் பாடமாக்கி வையுங்கோ சரிபுதீன் நானா. வேலை போனாப் பிறகும் உதவும்.”

அன்றிலிருந்து சரிபுதீனுக்குச் சோறு இறங்கவில்லை.

“ஏன் இப்பிடி மெலிஞ்சு போறியள்?” என்று மனைவி றம்லா கேட்டால், “டிக்கிறீஸ்,” என்பார். எல்லாவற்றையும்விட ரீச்சரில்தான் ஆத்திரம். ஒரு சொல்லுக்காக ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணள்ளிப் போட்டாவே!

அடுத்த கிழமை துரை கூப்பிட்டார். யூனிபோமைக் கழற்றிக் கொடுக்கும் எண்ணத்தோடுதான் போனார் சரிபுதீன். துரை காரைக் காட்டி ஏறச் சொன்னார். கார் விடத்தல்தீவுக்குப் போனது. பின்னால் ஒரு லொறி.

இம்முறை துரைக்குச் சிரித்த முகம். பேச்சில் ‘இன்கிறீஸ்’ என்ற சொல் தெளிவாகக் கேட்டது. சரிபுதீன் துரையைப் பார்த்தார். லொறியைப் பார்த்தார். நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

“அரிசியைக்... கூட்டித் தரப்போறாராம்.”

“அதைத்தானே நானா போன கிழமையே சொன்னனீங்கள்!” என்று சனம் கத்தியது. “மூட்டையை இறக்கச் சொல்லுங்கோ!”

“சிலபேர் குழப்பப் பாத்தும் சரிவரேல்லை,” என்று அந்தோனிமுத்து ரீச்சருக்குக் கேட்கும்படி சொன்னார். ரீச்சர் கேட்காததுபோல் நின்றார்.

சனம் லொறியை மொய்த்த நேரம், சரிபுதீன் மெல்ல அவரிடம் போனார்.

“ரீச்சர், நான் மாறிச் சொன்னதை நீங்கள் துரையிட்டைச் சொல்லிப்போட்டியள் எண்டு உங்களை நெடுக ஏசினனான். ஆனா அவர் என்னை ஒண்டும் கேக்கேல்லை. அரிசியும் வந்திருக்கு. அண்டைக்கு என்னதான் சொன்னனீங்கள்?”

ரீச்சர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“‘அரிசியைக் குறைக்கிறன் எண்டு சொல்ல ஏன் இந்தச் சனம் கை தட்டுது?’ எண்டு துரை கேட்டவர். ‘சண்டையிலை நிக்கிற உங்கடை பெடியளுக்குத் தங்கடை பங்கும் போகட்டும் எண்டு சந்தோசப்படுகினம்’ எண்டு சொன்னனான்.”