பயிற்சிக்கு ஒரு பெயர்

கோவையில் நடந்த இணையதள உருவாக்குநர் மாநாட்டின் பயிற்சி வகுப்பில், மரண அறிவிப்புப் பக்கம் செய்வது எப்படி என்று பெனடிக்ட் சொல்லிக்கொடுத்தார். ஏதாவது ஒரு பெயரைப் போட்டுப் பழகச் சொன்னார். மாநகராட்சித் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ரேணுகா, எந்தச் சோதனைக்கும் முதலில் கைக்கு வரும் தன் கணவன் பெயரையே தட்டினாள்: தணிகைவேல் காலமானார். ‘வெளியிடு’ பொத்தானை அழுத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் திரையின் மூலையில் மாநகராட்சி முத்திரை தெரிந்தது. காலையில் ஆபீஸ் வேலைக்காகத் திறந்த நிஜத் தளத்தை அவள் மூடவே இல்லை.

பெனடிக்டைக் கையசைத்து அருகில் கூப்பிட்டாள்.

“சார், இதை எப்படியாவது எடுத்துருங்க!”

குனிந்து பார்த்த பெனடிக்டின் முகம் வெளிறியது. “சம்பந்தப்பட்டவரே வந்து கைரேகை வெச்சாத்தாங்க எடுக்க முடியும்.”

“வெப்பாருங்க. அவரு உசுரோடதான இருக்காரு?”

“இறந்தவங்க கைரேகையைத் தளம் ஏத்துக்காதுங்களே.”

அவள் போன் அதிர்ந்தது. டயாலிசிஸுக்குப் போயிருந்த தணிகைவேல்தான்.

“ரேணு, மெஷின் பாதியில தானா நின்னுருச்சு. திரும்பப் போட முடியலையாம். நான் பேசிட்டுத்தானம்மா இருக்கேன்னு சொன்னா, ‘மாநகராட்சித் தளத்துல அப்படி இல்லீங்களே’ன்னு நர்ஸம்மா அழுகுது.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “எவனோ என்னமோ தப்பாப் போட்டுட்டான் போல. உனக்குத்தான் இந்த வேலையெல்லாம் அத்துப்படியாச்சே, கொஞ்சம் என்னன்னு பாரு.”