கடைசிப் பெட்டி

ரயில்வே கேட் மூடிவிட்டது. காருக்கு முன்னால் ஒரு பஸ், ஒரு பால் வண்டி, நாலைந்து டூவீலர்கள்.

அவள் பின் சீட்டில் சற்றே சரிந்து உட்கார்ந்தாள்.

பெரிய சாலையில் பைப் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மாமியாரை மூட்டு டாக்டரிடம் அழைத்துப் போக இதைவிட்டால் கிட்டத்து வழி வேறு இல்லை. “சுத்துவழின்னாலும் பரவாயில்ல, அந்தப் பக்கம் போகலாமே” என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். கணவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பஸ்ஸின் ஓரமாக எட்டிப் பார்த்தால் அப்பாவின் தலையும் தோளும் தெரிந்தன. வெளுத்துப்போன காக்கிச் சட்டை. கையில் பச்சைக் கொடி.

கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. அப்பா ரிட்டயராகி, வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார் என்றுதான் மாமியாரிடம் சொல்லி வைத்திருந்தாள். பெண் பார்க்க வந்தவர்களை எல்லாம் டவுனில் இருக்கும் அக்கா வீட்டோடு நிறுத்தித் திருப்பி அனுப்பியிருந்தாள். இந்தக் கேட்டுப் பக்கம் ஒருவரையும் வரவிட்டதில்லை.

பின்னால் வந்து நின்ற ஒரு வெளியூர்க் கார் விடாமல் ஹாரன் அடித்தது. பஸ் கண்டக்டர் இறங்கிப் போய், குனிந்து அதை ஓட்டியவரிடம் ஏதோ சொன்னார். அந்தக் காரின் எஞ்சினும் அணைந்தது.

டூவீலர்காரர்களில் ஒருவர்கூட கேட்டின் குறுக்குக் கழிக்கு அடியில் குனிந்து நுழைந்து போகவில்லை.

“இன்னும் வண்டி சத்தத்தையே காணோமே” என்றார் கணவர்.

“ஏசியைப் போட்டுக்கிட்டுக் கண்ணாடியையும் ஏத்திட்டா, பக்கத்துல இடி விழுந்தாக்கூடத்தான் உனக்குக் கேக்காது” என்றார் மாமியார்.

அவள் சிரிக்கவில்லை. அப்பா சீக்கிரத்தில் கழியைத் தூக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய பெருக்கல் குறி போட்டிருக்கும். அதைக் கண்ணால் பார்த்தால்தான் முழு வண்டியும் போய்விட்டது, நடுவில் எந்தப் பெட்டியும் கழன்று நிற்கவில்லை என்று அர்த்தம். அவள் பிறந்த அன்று, வலியோடு அம்மா ஆட்டோவில் துடித்துக்கொண்டிருந்தாள். நீளமான சரக்கு வண்டி. பெருக்கல் குறி போகிற வரை அப்பா கழியில் கை வைக்கவில்லை.

“உங்கப்பாவுக்கு மூத்த சம்சாரம் அந்த கேட்டுதான்டி. நான் ரெண்டாவதுதான்” என்று அம்மா சாகிறவரை சொல்லிக்காட்டினாள். சொல்லும்போது அம்மா முகத்தில் பெருமை வழியும்.

அவளுக்கு அந்தப் பெருமை எங்கே போனதென்று தெரியவில்லை.

கடவுளே, அத்தை மட்டும் காரை விட்டு இறங்காமல் இருக்க வேண்டும்.

சில வேண்டுதல்களைக் கடவுள் கேட்காமல் இருப்பதே நமக்கு நல்லது. “காலு மரத்துப்போச்சு, கொஞ்சம் நடந்துட்டு வரேன்” என்று மாமியார் கதவைத் திறந்தார்.

“வேணாம் அத்தை, வெயில் சுள்ளுனு அடிக்குது.”

“வெயில் என்னை என்னம்மா பண்ணும், ஏற்கெனவே காய்ஞ்ச கட்டை.”

முழங்காலைப் பிடித்துப் பிடித்து, பஸ்ஸைத் தாண்டிப் போய் மாமியார் கேட்டருகில் நின்றார்.

அவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கண் மட்டும் வெளியே.

மாமியார் அப்பாவைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது; கை தானாக வாய்க்குப் போனதிலேயே தெரிந்தது. அப்பா அவரைக் கவனிக்கவில்லை. கொடியை நீட்டியபடி, அவர் தலை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

மாமியாரும் அப்பா பார்க்கும் பக்கம் பார்த்தார். பிறகு அவர் தலையும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக, அப்பாவின் தலையோடு சேர்ந்தே, மெல்லத் திரும்பியது.

கழி மேலே போனது.

மாமியார் வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

“உங்கப்பாவைப் பாத்தேம்மா. வேலையில இருக்கறவர்கிட்ட என்ன பேச்சுன்னு சும்மா வந்துட்டேன்.”

“மாமாவா? எங்கே?” என்றார் கணவர்.

“நீ முன்னாடி பாத்து ஓட்டு. திரும்பும்போது இந்த வழியாவே வா. அதுக்குள்ள சம்பந்திக்கு டூட்டி முடிஞ்சிருக்கும்.”

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மன்னிப்புக் கேட்கலாமென்றால் யாரும் குற்றம் சொல்லவில்லை.

கார் கேட்டைக் கடந்தது.

ஒரு குலுக்கல்கூட இல்லை. கணவர் பிரேக்கில் கால் வைத்து, இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தன் அம்மாவைப் பார்த்தார். காரை நகர்த்தினார்.

அவள் பள்ளிக்கூடம் முடித்த வருடமே அந்த ரயில் பாதையை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்டும் அப்பாவும்தான் மிச்சம். அந்த இடத்தில் இப்போது வழவழவென்று தார் சாலை. இரண்டு பக்கமும் ஆளுயரப் புல்.

பஸ் டிரைவருக்கு அது தெரியும். பால் வண்டிக்காரருக்கும் டூவீலர்காரர்களுக்கும் தெரியும். ஹாரன் அடித்தவருக்குக்கூடக் கண்டக்டர் சொல்லித் தெரிந்துவிட்டது.

தெரிந்துகொண்டுதான் அத்தனை பேரும் நின்றார்கள். முகத்தை மூடிக்கொண்டது அவள் ஒருத்திதான்.